வோல்ற்றளவைக் கூட்டினால் என்ன நேரும்?

சோழகம் வீசும் காலத்தில் மன்னார்த் தீவின் தென்கரையில் ஒரு நாழிகை நின்று பார்த்தவர் அக்காட்சியை எளிதில் மறவார். மணல் எழுந்து காலில் ஊசிபோலக் குத்தும். பனையோலைகள் ஓயாது சலசலக்கும். கடல் கலங்கி நுரை கக்கும். கரையேற்றிய வள்ளங்களின் நிழலிலிருந்து மீனவர் வலை பொத்திக்கொண்டிருப்பர். இவையெல்லாம் நம் முன்னோரும் கண்ட காட்சிகளே. அவர்கள் காணாத ஒன்றும் இன்று அக்கரையில் நிற்கின்றது. பனைகளெல்லாம் புற்களாகத் தோன்றும்படி உயர்ந்து நின்று, மூன்று சிறகுகளை மெல்லச் சுழற்றும் காற்றாலை வரிசையே அது.

'தம்பபவனி' எனப் பெயரிய இக்காற்றாலைப் பண்ணையை இலங்கை மின்சார சபை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு அமைத்தது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அது திறந்துவைக்கப்பட்டது. காற்றாலைகள் 30, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று வலுவுடையது, மொத்தம் 103.5 மெகாவாற்று. சிறகுகள் சுழலும் வட்டத்தின் விட்டம் மாத்திரம் 126 மீற்றர். தீவில் மேலும் காற்றாலைகள் எழுவதால் நீர்வழிகளுக்கும் பறவைகளுக்கும் மீனவர் வாழ்வுக்கும் கேடு நேரும் என்று மன்னார் மக்கள் அண்மை ஆண்டுகளில் எழுப்பிவரும் குரலை நாம் அறிவோம். அது தனியே எழுதவேண்டிய பெரிய விடயம். நாம் இன்று சொல்ல வந்தது அக்காற்றாலைகளின் அடியில் நின்றபோது தொடங்கி வகுப்பறையில் வந்து முடிந்த ஒரு வினாவைப் பற்றியதாகும்.

நம்மிடம் பௌதிகம் பயிலும் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு தள்ளாடியைக் கடந்து, பாலத்தின் வழியே தீவுக்குட் சென்றிருந்தோம். மின்னோட்டம், வோல்ற்றளவு, வலு என்று கரும்பலகையில் எழுதிய சொற்களெல்லாம் வெளியுலகில் எவ்வாறு வாழ்கின்றன என்பதை அவர்கள் கண்ணாற் காணட்டும் என்பதே நமது நோக்கம்.

நடுக்குடாவில் ஒரு பாடம்

காற்றாலை ஒன்றின் மின்பிறப்பாக்கி தரும் வோல்ற்றளவு ஆயிரத்துக்கும் குறைவானதே. அதனை நிலைமாற்றி ஒன்று 33,000 வோல்ற்றுக்கு உயர்த்துகின்றது. முப்பது காற்றாலைகளின் மின்னும் நடுக்குடாவில் உள்ள உபமின்நிலையத்திற் கூடுகின்றது. அங்கே அது 220,000 வோல்ற்றுக்கு உயர்த்தப்பட்டு, பெருங்கோபுரங்களின் மேலேறிக் கடல் தாண்டிப் பெருநிலத்துக்குப் போகின்றது. நம் வீட்டை வந்தடையும்போது அது மறுபடியும் படிப்படியாக இறங்கி 230 வோல்ற்றாகிவிடுகின்றது.

இறக்குவதற்காகவே ஏற்றுவானேன் என்று மாணவர் கேட்பது இயல்பு. அதற்கு விடை எளிது. ஒரே அளவு வலுவைக் கொண்டுசெல்லும்போது வோல்ற்றளவை உயர்த்தினால் மின்னோட்டம் அதே விகிதத்திற் குறையும். கம்பியில் வீணாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. 33,000 வோல்ற்றை 220,000 ஆக்கும்போது மின்னோட்டம் ஏறத்தாழ 6⅔ மடங்கு குறைகின்றது. அதே கம்பியில் வெப்பமாக வீணாகும் வலு ஏறத்தாழ 44இல் ஒரு பங்காகச் சுருங்குகின்றது. காற்றுத் தந்த செல்வத்தைக் கம்பி தின்றுவிடாமற் காப்பது உயர்ந்த வோல்ற்றளவே.

இதனை மணலில் ஒரு குச்சியால் எழுதிக்காட்டினோம். மாணவர் தலையசைத்தனர். நாமும் பாடம் முடிந்தது என்று எண்ணித் திரும்பினோம்.

மறுநாள் வகுப்பு முடிந்து மற்றவர் வெளியேறிய பின்பு ஒரு மாணவன் மாத்திரம் மேசையருகே தயங்கி நின்றான்.

"சேர், வோல்ற்றளவைக் கூட்டினால் கம்பியிலை சூடு குறையும் எண்டு நேற்றுச் சொன்னனீங்கள். ஆனால் வேப்பிலை வோல்ற்றளவைக் கூட்டினால் சூடும் கூடுது, புகையும் கூடுது எண்டு சொல்லுகினமே. அது எப்பிடி?"

'வேப்' என்று அவன் சொன்னது மின் சிகரெட்டை. "சொல்லுகினம்" என்றானே, சொன்னது யார் என்று அவனை உடனே விசாரணை செய்ய நமக்கும் நா எழுந்தது. ஆயினும் அடக்கிக்கொண்டோம். விசாரணை தொடங்கியிருந்தால் அவன் வினா அங்கேயே இறந்திருக்கும். விடையை அவன் வேறோரிடத்தில், வேறொருவரிடம் தேடிப் பெற்றிருப்பான். வினா உண்மையில் நல்ல வினா. ஒரே விதி ஓரிடத்திற் சூட்டைக் குறைப்பதும் மற்றோரிடத்திற் சூட்டைக் கூட்டுவதும் எங்ஙனம்? நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை அமரச் சொன்னோம்.

விளக்கும் திரியும்

மின் சிகரெட்டு என்பது என்ன? நெருப்பின்றிச் சிகரெட்டுப் பிடிக்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் ஹேர்பேர்ட் கில்பேர்ட் என்பவர் புகையிலையற்ற, புகையற்ற சிகரெட்டு ஒன்றுக்கு 1963ஆம் ஆண்டில் விண்ணப்பித்து 1965ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். ஆனால் அது கடைக்கு வரவில்லை. இன்று உலகெங்கும் பரவியுள்ள கருவிக்கு மூலவராகச் சொல்லப்படுபவர் சீன நாட்டு மருந்தாளர் ஹொன் லிக் ஆவார், ஆண்டு 2003.

கருவியின் அமைப்பை விளங்கிக்கொள்ள நம் வீட்டுக் குத்துவிளக்கே போதும். விளக்கின் குழியில் எண்ணெய். அதில் தோய்ந்த பஞ்சுத் திரி. திரியின் நுனியிற் சுடர். எண்ணெய் திரிவழியே ஏறி நுனியில் ஆவியாகி எரிகின்றது. மின் சிகரெட்டிலும் ஒரு குழி உண்டு. அதில் திரவம் உண்டு. திரவத்தை உறிஞ்சும் பஞ்சுத் திரியும் உண்டு. சுடருக்குப் பதிலாகத் திரியைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பிச்சுருள் இருக்கின்றது. லிதியம் மின்கலம் அச்சுருளிற் பாய்ச்சும் மின்னால் அது சூடேற, திரியிலுள்ள திரவம் ஆவியாகின்றது. வாயால் இழுக்கும்போது அவ்வாவி குளிர்ந்து நுண்துளிகளாகின்றது. ஆகவே வெளியே வருவது புகையன்று. மார்கழிப் பனிமூட்டம் போன்ற துளிக்கூட்டமேயாம். ஆயினும் பனிமூட்டத்தில் இருப்பது நீர், இதிலிருப்பது வேறு.

அத்திரவத்தின் பெரும்பகுதி கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்கோலும் ஆகும். அவற்றோடு நிக்கொட்டினும் பழவாசனை, புதினா வாசனை போன்ற மணப்பொருள்களும் கலந்திருக்கும். புரொப்பிலீன் கிளைக்கோல் 188 பாகை செல்சியசிலும், நிக்கொட்டின் ஏறத்தாழ 247 பாகையிலும், கிளிசரின் 290 பாகையிலும் கொதிப்பன. இவ்வெண்களை வாசகர் சற்று நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

ஒரு விதி, இரு விளைவு

இப்பொழுது மாணவன் கேட்ட வினாவுக்கு வருவோம். மின்னோட்டம், வோல்ற்றளவு, தடை ஆகிய மூன்றுக்குமுள்ள தொடர்பை ஜேர்மனியரான ஓம் 1827ஆம் ஆண்டில் நூலாக்கினார். மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு வெப்பம் கூடுகின்றது என்பதை ஆங்கிலேயரான ஜூல் 1841ஆம் ஆண்டில் எழுதினார். நடுக்குடாவிலும் சட்டைப் பைக் கருவியிலும் ஆட்சி செய்வன இவ்விரு விதிகளே. வேறுபாடு விதியில் இல்லை. எது மாறாது நிற்கின்றது என்பதில் இருக்கின்றது.

பெருங்கோபுரக் கம்பியில் மாறாது நிற்பது கொண்டுசெல்லும் வலு. 220,000 வோல்ற்று என்பது அக்கம்பியின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையிலுள்ள அழுத்தமன்று. கம்பிகளுக்கு இடையே நிலவுவதாகும். கம்பியின் நீளத்தில் விழுவது அதில் ஒரு சிறு பகுதியே. வோல்ற்றளவு ஏற மின்னோட்டம் குறைகின்றது, சூடும் குறைகின்றது.

மின் சிகரெட்டின் சுருளில் மாறாது நிற்பது அதன் தடை. மின்கலத்தின் வோல்ற்றளவு முழுவதும் அச்சுருளின் இரு முனைகளுக்கிடையே வந்து விழுகின்றது. இங்கே வோல்ற்றளவு ஏறினால் மின்னோட்டமும் கூடவே ஏறும். இரண்டையும் பெருக்க வருவதுதான் வலு. எனவே வலு வோல்ற்றளவின் வர்க்கத்தோடு ஏறுகின்றது.

சுருளின் தடை 2 ஓம் என்று கொள்வோம். 3.2 வோல்ற்றிற் பாயும் மின்னோட்டம் 1.6 அம்பியர், வலு 5.12 வாற்று. அதே சுருளுக்கு 4.8 வோல்ற்றைக் கொடுத்தால் மின்னோட்டம் 2.4 அம்பியர், வலு 11.52 வாற்று. வோல்ற்றளவு ஒன்றரை மடங்குதான் கூடிற்று. சூட்டுவலுவோ இரண்டேகால் மடங்காயிற்று. 'சற்றே கூட்டினேன்' என்று விரல் எண்ணுகின்றது. சுருள் அவ்வாறு எண்ணுவதில்லை.

கூட்டுபவர் உணர்வது என்ன?

இக்கருவியைப் பயன்படுத்துவோர் வோல்ற்றளவை ஏன் கூட்டுகின்றனர்? அவர்கள் சொல்லும் காரணங்கள் பொய்யல்ல. குறைந்த வோல்ற்றளவில் ஆவி மெல்லியதாய், குளிர்ந்ததாய் இருக்கும். கூட்டக் கூட்ட அது வெண்முகில்போலத் தடிக்கும், வெதுவெதுப்பு ஏறும், வாசனை எடுப்பாகும், தொண்டையில் ஓர் அடி விழுந்தாற்போன்ற உணர்வு உண்டாகும். பழைய புகைபிடிப்பாளர் அந்த அடியையே 'பிடி' என்று தேடுகின்றனர். இளைஞருக்கோ முகிலே வேடிக்கை.

ஆனால் முகிலோடு மற்றொன்றும் கூடுகின்றது. அதனைக் கண் காணாது. ஒவ்வோர் இழுப்பிலும் ஆவியாகும் திரவம் மிகுவதால் உட்செல்லும் நிக்கொட்டினும் மிகுகின்றது. பேய்ரூத் நகரத்து அமெரிக்கப் பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்காவின் வேர்ஜீனியா ஆய்வாளரும் சேர்ந்து 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், 15 இழுப்புகளிற் கிடைக்கும் நிக்கொட்டின் 50 மடங்குக்கு மேல் வேறுபடக் கண்டனர். வோல்ற்றளவு, திரவத்திலுள்ள நிக்கொட்டினின் செறிவு, இழுப்பின் நீளம் ஆகியவையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். ஆகவே குப்பியின் மேல் எழுதிய எண்ணைப் பார்த்து, தாம் உட்கொள்வது இவ்வளவே என்று ஒருவரும் துணிந்து சொல்ல இயலாது. பழக்கமில்லாத பிள்ளை ஒருவனுக்குத் தலைசுற்றும், குமட்டும், நெஞ்சு படபடக்கும். மருந்துக்கடையில் மாத்திரையின் அளவு தெரியாமல் விழுங்குவோமா? இங்கே விழுங்குகின்றனர்.

திரி கருகும் வேளை

இன்னும் பெரிய கேடு ஒன்று இருக்கின்றது. அதை விளங்கிக்கொள்ள மன்னார்ப் பனந்தோட்டங்களுக்கே திரும்பலாம்.

கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி செய்பவரைக் கேட்டுப் பாருங்கள். நீர் நிறைந்திருக்கும் வரை அடுப்பை எரித்தாலும் பாகு கருகாது. நீர் வற்றி இறுகும்போது விறகை இழுத்துவிடாவிட்டால் அடிப்பிடித்துவிடும். அதன்பின் முழுப் பானையும் கசக்கும். காரணம் யாதெனில், கொதிக்கும் நீர் தன் கொதிநிலைக்கு மேல் வெப்பநிலை ஏறவிடாது. வரும் வெப்பத்தையெல்லாம் ஆவியாவதற்கே செலவிடும். நீருள்ள கேத்தல் 100 பாகையில் நிற்பதும் இதனாலேயே. நீர் முடிந்த கேத்தலை அடுப்பில் வைத்தால் அது என்னாகும் என்பது தாய்மாருக்குத் தெரியும்.

மின் சிகரெட்டின் திரியிலும் இதுவே நிகழ்கின்றது. திரி நனைந்திருக்கும் வரை திரவம் சூட்டைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும். வோல்ற்றளவு கூடக்கூட, திரி உறிஞ்சித் தருவதிலும் வேகமாகச் சுருள் திரவத்தை ஆவியாக்கிவிடும். எண்ணெய் வற்றிய விளக்கில் திரி கருகி நாறுமல்லவா? அதுபோலச் சுருளைச் சுற்றிய திரி உலரும். வெப்பநிலை கட்டறுத்து ஏறும். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு சுருள்களின் வெப்பநிலையை நேரே அளந்தது. முற்றாகத் திரவத்தில் மூழ்கிய சுருள் 110 முதல் 185 பாகை வரையே சென்றது. நனைந்த திரியோடு அது 145 முதல் 334 பாகை வரை ஏறியது. உலர்ந்த சுருளோ 322 பாகையிலிருந்து 1,008 பாகை வரை சென்றது. சிகரெட்டு நெருப்பின் நுனி இழுக்கும்போது ஏறத்தாழ 900 பாகையை எட்டும் என்பர். 'நெருப்பில்லாத' கருவி நெருப்பின் வெப்பத்தை எட்டிவிடுகின்றது.

அவ்வெப்பத்தில் கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்கோலும் ஆவியாவதோடு நில்லாமல் உடைந்து சிதைகின்றன. சிதைவிற் பிறப்பன போமல்டிகைட்டு, அசற்றல்டிகைட்டு முதலியவை. போமல்டிகைட்டு என்றதும் மாணவர் அஞ்சவேண்டியதில்லை. அவர்களுக்கு அது பழைய அறிமுகம். உயிரியல் ஆய்வுகூடத்திற் குப்பிகளில் தவளையையும் மீனையும் அழுகாமல் வைத்திருக்கும் போமலின் என்பது அதன் நீர்க்கரைசலே. மூடியைத் திறந்த மாத்திரத்திற் கண்ணெரிந்து விலகுவர். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004ஆம் ஆண்டில் அதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் வகுப்பிற் சேர்த்தது.

போலந்தையும் அமெரிக்காவையும் சேர்ந்த ஆய்வாளர் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவை இங்கே சொல்லவேண்டும். மேலே நாம் கணக்கிட்டோமே, அதே 3.2 வோல்ற்றிலிருந்து 4.8 வோல்ற்றுக்கு உயர்த்தியபோது போமல்டிகைட்டு, அசற்றல்டிகைட்டு, அசற்றோன் ஆகியவை 4 மடங்கு முதல் 200 மடங்குக்கு மேலும் பெருகின. வலு இரண்டேகால் மடங்கு. நச்சு நூற்றுக்கணக்கான மடங்கும் ஆகலாம். உயர்ந்த வோல்ற்றளவில் தோன்றிய போமல்டிகைட்டு, புகையிலைப் புகையிற் காணப்படும் அளவுகளின் வரிசையிலேயே இருந்தது. அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் போட்லண்ட் அரச பல்கலைக்கழகத்தாரும் இதையொத்த செய்தியையே கூறினர்: 3.3 வோல்ற்றிற் கண்டறிய முடியாதிருந்த போமல்டிகைட்டுச் சேர்வைகள் 5 வோல்ற்றில் மிகுதியாகத் தோன்றின.

மறுபக்கத்தையும் சொல்லாது விடுவது நேர்மையாகாது. கிரேக்க நாட்டு மருத்துவர் பர்சலீனோசும் உடன் ஆய்ந்தோரும் 2015ஆம் ஆண்டில் இதற்கு ஒரு மறுப்புரை தந்தனர். பழகியோர் திரி உலர்ந்தவுடன் கருகற் சுவையை உணர்ந்து கருவியை வாயிலிருந்து எடுத்துவிடுவர். யாரும் பொறுக்கமுடியாத அந்நிலையில் இயந்திரத்தை இழுக்கவைத்து அளந்த எண்களை மனிதர்மேல் ஏற்றலாகாது என்பது அவர் வாதம். வாதத்தில் உண்மை உண்டு. அடிப்பிடித்த பாலை அறிந்து யாரும் குடியார். ஆனால் இலேசாக அடிப்பிடித்த பாலில் ஏலமும் சீனியும் கலந்தால் எத்தனை பேர் கண்டுபிடிப்பர்? கருகலுக்கும் கருகாமைக்கும் இடையே ஒரு கோடு கிழித்திருப்பதில்லை. பழகிய நாக்கு உணர்வதைப் பழகாத பிள்ளையின் நாக்கு உணரும் என்பதற்கும் உறுதியில்லை.

வாசனையும் மின்கலமும்

இனிப்பு வாசனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'உணவிற் சேர்ப்பதுதானே' என்பர் விற்போர். உண்ணத்தக்கதெல்லாம் மூச்சில் இழுக்கத்தக்கதாகிவிடாது. வெண்ணெய் வாசனை தரும் டையசற்றைல் என்னும் பொருள் வயிற்றுக்குத் தீங்கற்றதாகக் கருதப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திற் சோளப்பொரித் தொழிற்சாலையொன்றில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர் பலர் மீளாத நுரையீரல் நோய்க்கு ஆளானமை வெளிப்பட்டது. வயிற்றுக்கு வாயிற்காவலர் பலர். நுரையீரலுக்கு அத்தனை காவல் இல்லை. சுருளின் உலோகமும் ஆவியோடு செல்கின்றது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 56 பேரின் கருவிகளைச் சோதித்து, ஈயம், குரோமியம், நிக்கல் ஆகியவை ஆவியிற் கலப்பதை 2018ஆம் ஆண்டில் எழுதினர்.

வோல்ற்றளவைக் கூட்ட வழியில்லாத கருவிகளில் வேறோர் உபாயம் செய்வாரும் உளர். சுருளின் தடையைக் குறைத்துவிடுகின்றனர். முழுதும் ஏற்றிய லிதியம் மின்கலம் 4.2 வோல்ற்றுடையது. சுருளின் தடை 0.1 ஓமாயின் ஓமின் விதிப்படி 42 அம்பியர் பாயவேண்டும். அவ்வளவைத் தாங்குமாறு செய்யப்படாத கலம் உள்ளே கொதித்து வெடிக்கும். அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டிற் புளோரிடாவிலும், 2019ஆம் ஆண்டில் டெக்சாசிலும் கருவி வெடித்து ஒவ்வோர் உயிர் போயிற்று.

இரண்டாம் வினா

இவ்வளவும் கேட்டிருந்த மாணவன் சற்று யோசித்து, "அப்ப வோல்ற்றளவைக் குறைச்சு வைச்சால் பிரச்சினை இல்லையோ, சேர்?" என்றான்.

இதுவும் தருக்கமுறையான வினாவே. 'ஆம்' என்று சொல்லியிருந்தால் நமது பாடம் முழுவதும் அவனைக் குழிக்குள் இறக்கிய ஏணியாக முடிந்திருக்கும். உண்மை என்னவெனில், வோல்ற்றளவைக் குறைத்தாற் கருகல் குறையும், நிக்கொட்டின் நீங்காது. 2015ஆம் ஆண்டளவிலிருந்து நிக்கொட்டினை ஓர் அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கிய திரவங்கள் பரவலாயின. அவை தொண்டையைக் காறவைப்பதில்லை. ஆகவே சிறு கருவியிலும் குறைந்த சூட்டிலும் செறிந்த நிக்கொட்டினை மென்மையாக உட்செலுத்த முடிகின்றது.

இயற்கை நமக்கு இரண்டு காவலரை வைத்திருக்கின்றது. ஒன்று தொண்டையின் காறல். மற்றொன்று நாவின் கசப்பு. வோல்ற்றளவைக் கூட்டும்போது அவ்விரு காவலரும் கூவுகின்றனர். வாசனையும் உப்பும் அக்காவலரை உறங்கவைக்கின்றன. கூவும்போது வரும் தீங்கு ஒருவகை. கூவாதபோது வரும் தீங்கு மற்றொருவகை. மூளை இருபத்தைந்து வயதளவும் வளர்ந்துகொண்டிருப்பது. அவ்வளர்ச்சிக் காலத்தில் நிக்கொட்டினுக்கு அடிமையானவர் அதிலிருந்து மீள்வது கடினம்.

இங்கிலாந்திற் சுகாதாரத் துறையினர், சிகரெட்டை விடமுடியாத முதிர்ந்தவர் அதற்குப் பதிலாக இதனைக் கொள்ளலாம் என்கின்றனர் என்பது உண்மையே. பழைய தீயில் நிற்பவருக்குச் சொன்ன யோசனை அது. தீயருகே போகாத பிள்ளைக்கு அதில் யோசனை எதுவும் இல்லை.

இரு கரையும் ஒரு தடையும்

நமது கரைக்குப் புகையிலை புதியதன்று. யாழ்ப்பாணத்துச் சுருட்டு வள்ளமேறிய காலம் முதல் இந்நாள்வரை அதன் மணம் இங்கே வீசியே வருகின்றது. மன்னார்க் கடலில் பீடி இலைப் பொதிகள் கைப்பற்றப்பட்டன என்ற செய்தியும் நமக்குப் பழகிப்போனதே. பொதி பெரிது, கடற்படையின் கண்ணுக்குத் தெரியும். பேனையைப் போன்ற கருவி சட்டைப் பையில் அடங்கிவிடும்.

பாக்குநீரிணையின் இரு கரையிலும் சட்டம் இருக்கின்றது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகார சபைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருள் விற்பதைத் தடுத்தது. அச்சட்டத்தின்கீழ் 2016ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் புகையிலை அடங்கிய மின் சிகரெட்டுகளைத் தடை செய்தன. தமிழ்நாடு 2018ஆம் ஆண்டிலும், இந்தியா முழுவதும் 2019ஆம் ஆண்டிலும் தடை விதித்தன. எனினும் மறைவில் விற்கும் பொருளுக்குத் தரம் பார்ப்பார் யார்? திரவத்தில் என்ன இருக்கின்றது, மின்கலம் எத்தகையது என்று கேட்கவும் இயலாது. 2019ஆம் ஆண்டிலும் 2020இன் தொடக்கத்திலும் அமெரிக்காவில் 2,807 பேர் கடும் நுரையீரற் பாதிப்போடு மருத்துவமனை சேர்ந்தனர் அல்லது மாண்டனர். மாண்டவர் 68 பேர். கஞ்சாச் சத்துக் கலந்த, பெரும்பாலும் மறைவழியில் வாங்கிய திரவங்களில் சேர்த்திருந்த விற்றமின் ஈ அசற்றேற்று என்னும் எண்ணெய்ப் பொருளே அதற்குப் பெருங்காரணம் எனக் கண்டனர்.

பெற்றோருக்கு நாம் சொல்வது இதுவே. பிள்ளையின் அறையிற் காரணமின்றிப் பழவாசனை வீசினாலோ, பேனையென்று எண்ணிய பொருளுக்கு மின்னேற்றும் வாய் இருந்தாலோ, உடனே கை ஓங்கவேண்டாம். அமர்த்திப் பேசுங்கள். அவனிடம் வினா இருக்கும். அவ்வினாவுக்கு விடை தெரியாவிட்டால் அவன் ஆசிரியரிடம் கேளுங்கள், மருத்துவரிடம் கேளுங்கள். ஆசிரியராகிய நாமும் பாடப்புத்தகத்துக்கு வெளியே வந்த வினாவென்று அதனை ஒதுக்கிவிடலாகாது.

அம்மாணவன் அன்று எழுந்து போகுமுன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தானா என்பதை நாம் கவனிக்கவில்லை, கவனிக்க விரும்பவுமில்லை. ஆனால் அடுத்த கிழமை அவனே தன் நண்பர் இருவரை அழைத்துவந்து, "சேர், அந்த 2 ஓம் கணக்கை இவையளுக்கும் ஒருக்காச் செய்து காட்டுங்கோ" என்றான். கரும்பலகையைத் துடைத்துவிட்டு, 3.2 என்று எழுதத் தொடங்கினோம்.